கீழ் வரிசை முகம்

இன்று காலை மழை விட்ட பிறகு ஆட்டுக்கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தேன். பழக்கத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். நீ இல்லை. பச்சைத் தார்ப்பாய்தான் இருந்தது. ஆட்டு மூத்திர வாடையும் ஈரப் புழுக்கை வாடையும் எப்போதும்போல மூக்கில் ஏறின. வெயிலில் காய்ந்து நனைந்த பேனர் வாடை மட்டும் இல்லை. அது இல்லாமல் அந்தக் கொட்டகை யாரோ வீட்டுக் கொட்டகை மாதிரி இருந்தது, தம்பி.

நீ உயிரோடு இருந்த நாளிலேயே என் ஆடுகளுக்கு மேலே தலைகீழாகத் தொங்கியவன். ஏதோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த பேனர். கொடை முடிந்ததும் நான் அவிழ்த்துக்கொண்டு வந்து கூரையில் போட்டேன். அம்மன் இருந்த பக்கத்தை மரியாதையாக மடித்து வைத்துவிட்டு, விழாக் குழுவினர் தலைகள் இருந்த பக்கத்தை ஆடுகள் பார்க்கிற மாதிரி விரித்தேன். அதில் மூன்றாவது தலை நீ.

"ஏலே, குட்டி ஒன்னயப் பாத்துப் பயந்து பால் குடிக்க மாட்டேங்கு" என்று உன் பஞ்சர் கடைக்கு வந்து சொல்வேன்.

"ஆடாவது நம்மளப் பாத்துப் பயப்படட்டும்க்கா" என்பாய்.

சங்கரன்கோவிலில் உன் முகம் இல்லாத பேனர் உண்டா? கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புது வீட்டுப் பால்காய்ச்சு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறவர்களை வரவேற்பது, யாராவது போய்விட்டால் கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றிலும் மேலே பெரிய தலைகள், கீழே ஒரு வரிசை குட்டித் தலைகள். அந்தக் கீழ் வரிசையில் நீ. எல்லாவற்றிலும் ஒரே போட்டோ. இரவல் வாங்கிப் போட்ட நீலச் சட்டை, பையில் எழுதாத பேனா, ஸ்டூடியோக்காரர் ஃப்ளாஷ் அடித்த நேரத்தில் பேயைக் கண்டவன்போல் முழித்த கண். உன் தலை நரைத்தது. பேனரில் நரைக்கவேயில்லை. கல்யாண வீட்டிலும் அதே முழி, சாவு வீட்டிலும் அதே முழி.

"சந்தோசத்துக்கு ஒண்ணு, துக்கத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ எடுத்து வச்சாத்தான் என்னலே?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் போறவன் ஒருத்தன்தானக்கா" என்றாய். பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னாய்: "மேல பெருசா இருக்கவன் வந்து தலையக் காட்டிட்டுப் போயிருவான். கீழ வரிசையில இருக்கவன்தான் பந்தி முடிஞ்சு எல எடுப்பான்."

அதற்கும் நான் சிரித்தேன். உன் பேச்சில் எதை நான் சிரிக்காமல் விட்டேன்?

உன் மகள் கோமு மதுரையில் ஓவியக் கல்லூரிக்குப் போனபோது, படம் வரையத்தான் போகிறாள் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். லீவுக்கு வந்தவள் பென்சிலையே தொடவில்லை. உன் கடையில் வெடித்துக் கிடந்த டியூப்களை அள்ளி, ஒன்றோடொன்று முடிந்து, வாசல் முழுக்கத் தொங்கவிட்டாள். டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது கொப்புளம் வருகிற சத்தத்தைச் செல்லில் பிடித்து, தொங்குகிறவற்றுக்குள் சின்ன ஸ்பீக்கரை வைத்து ஓடவிட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் திகைத்துப்போய் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கடைக்கே காத்து எறங்குது?"

"இது பஞ்சர் இல்ல வே, கலை. அங்கன தள்ளி நில்லும். தொடாதேயும்."

அது என்னவென்று உனக்கும் தெரியாது. ஆனால் அந்த லீவு முடிகிறவரை ஒருவரையும் தொடவிடவில்லை நீ.

அடுத்த லீவில் என் வெள்ளாட்டுக் கழுத்தில் செல்லைக் கட்டிவிட்டாள். ஆடு பார்க்கிற ஊரைப் படம் பிடிக்க வேண்டுமாம். ஆடு நேரே மேலவீட்டு அடுப்படிக்குள் போனது. அவர்கள் வடித்து வைத்த சோறும், அவர்கள் தூக்கிக்கொண்டு வந்த விளக்குமாறும் படத்தில் அருமையாக விழுந்திருந்தன. நீ அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆடு நம்ம கோமுவ விட நல்லா எடுக்குக்கா" என்றாய். கோமு உன் முதுகில் ஒன்று வைத்தாள்.

போன வருஷம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

உனக்கும் பேனர் அடித்தோம். பேனர் கடைப் பையன் அவசரத்தில் பழைய கண்ணீர் அஞ்சலி ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, மேலே இருந்தவரை எடுத்துவிட்டு உன்னை வைத்துவிட்டான். கீழ் வரிசையைத் தொடவில்லை. தெருமுனையில் கட்டின பிறகுதான் பார்த்தோம். மேலே பெரிதாக நீ. கீழே, வருந்துகிற நண்பர்கள் வரிசையில் மூன்றாவதாக, அதே நீலச் சட்டையோடு நீ. உன் சாவுக்கு நீயே வந்து முழித்துக்கொண்டு நின்றாய். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோமுவும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். தெருவில் போனவர்களும் சிரித்தார்கள்.

உன் பெண்டாட்டி செல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஏணியை வாங்கித் தானே ஏறினாள். கயிற்றை அறுத்து, பேனரைச் சுருட்டி, வீட்டுப் பரணில் போட்டாள்.

"இருக்கையிலயும் அவியளப் பாத்துச் சிரிச்சிய. போன பெறகும் விட மாட்டியளா மைனி?" என்று என்னைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு உன் பெயரை யாரும் சிரித்த முகத்தோடு சொல்லிவிடக் கூடாது என்று அவள் காவல் இருந்தாள். உன்னைப் பற்றிச் சிரிக்காமல் நான் எப்படிப் பேசுவது? எனக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் அந்த வீட்டில் உன் பேச்சே நின்றுபோனது. அவள் நைட்டி தைத்துக்கொண்டிருப்பாள், நான் உட்கார்ந்திருப்பேன், டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருஷம் கோமு தன் கடைசி வருஷ வேலைக்காக ஊருக்கு வந்தாள். வந்ததும் என்னிடம், "அத்த, ஒங்க கொட்டகைக் கூரை எனக்கு வேணும்" என்றாள்.

"கூரையக் குடுத்துட்டு ஆட்ட எங்கன கட்டட்டி? ஒங்க காலேஜ்லயா?"

"அப்பா இருக்க பேனர் எல்லாத்தையும் சேக்கப் போறேன் அத்த. நீங்களும் வாங்க. எந்தெந்த வீட்டு விசேஷத்துல அப்பா இருந்தாவன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

அந்த வேலையைச் செய்து காட்டினால்தான் அவள் தேற முடியும். புதுத் தார்ப்பாய்களை வாங்கி லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். நீ எங்கெல்லாம் கிடந்தாய், தெரியுமா? ஒரு வீட்டில் சிமெண்ட் மூட்டைக்குப் போர்வை. ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒரு வீட்டில் குளிக்கிற இடத்துக்கு மறைப்பு. அதை அவிழ்க்கும்போது நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. நீ யோக்கியமாகத் தெருப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நம்புகிறேன்.

கரிவலம் ஊரில் ஒருவர் வைக்கோல் படப்பின் மேல் உன்னைப் போர்த்தியிருந்தார். "மழ வருத நேரத்துல வந்து இதக் கேக்கியளே" என்று கோபப்பட்டார்.

"புதுத் தார்ப்பாய் தாரோம் அண்ணாச்சி. இதுல எங்க தம்பி இருக்கான்" என்றேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, பஞ்சர் கடக்காரரா? எம் மவ கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் தண்ணி ஊத்துனாரு. சாப்பிடச் சொல்லித் தேடுனா ஆளக் காணும். எல எடுத்துட்டு அப்படியே போயிட்டாரு."

அவரே ஏணி வைத்து ஏறி, கிழியாமல் அவிழ்த்துக் கொடுத்தார். போன வீடுகளில் எல்லாம் இந்த மாதிரி ஏதாவது ஒன்று சொன்னார்கள். உன் வாயால் நீ ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்வேன் என்று பயமா?

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உன் வீட்டுக்குள் விரித்தோம். அப்போதுதான் தெரிந்தது, ஒரே போட்டோதான், ஆனால் ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. புதிய பேனரில் சிவந்து இருந்தாய். பழையதில் நீலமாகிப்போயிருந்தாய். வெயில் முதலில் மஞ்சளையும் சிவப்பையும் தின்னுமாம், நீலத்தைக் கடைசிக்கு மிச்சம் வைக்குமாம், கோமு சொன்னாள். ஒன்றில் கன்னத்துக்கு மேலே மடிப்பு. ஒன்றில் தாடையில் ஆட்டுப் பல் தடம். ஒன்றில் யாரோ கயிறு கோக்க இடது கண்ணில் ஓட்டை போட்டிருந்தார்கள்.

கோமு கத்திரிக்கோலை எடுத்து முதல் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். செல்வி மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"என்னட்டி செய்யுதே?"

"முகத்த மட்டும் வெட்டி எடுக்கேம்மா."

"ஒங்கப்பா மூஞ்சிய வெட்டுவியா? வெட்டிக் கொண்டுபோயி மதுரக்காரன் முன்னால காட்டி, அவனும் சிரிக்கணுமா?"

"சரி, வெட்டல. செல்லுல போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல வெட்டிக்கிடுதேன்."

"அதுல வெட்டுனா மட்டும் அது வெட்டு இல்லியா?"

"அதுல வெட்டுனதத் திருப்பி வர வச்சிரலாம்மா. ஒரு பட்டனத் தட்டுனாப் போதும்."

செல்வி அவளையே பார்த்தாள். "அப்பம் அவியள வர வையேன், பாப்போம்" என்றாள். கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

கோமு பேனர்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா சொன்ன மாதிரி அப்பாவ வர வச்சுப் பாக்கேன் அத்த. அம்மாவுக்குத்தான் மொதல்ல காட்டுவேன். நிறுத்துன்னு சொன்னா நிறுத்திருவேன். வேலையவே விட்டுருவேன்."

"வருசம் போயிருமேட்டி?"

"போட்டும்."

அதன்பிறகு அவள் ஒரு பேனரையும் வெட்டவில்லை. எல்லா முகத்தையும் செல்லில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரே அளவாக்கி, சினிமா மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி அடுக்கினாள். திரைக்கு வேறு துணி வேண்டாம் என்றாள். பேனரின் பின்பக்கம் வெள்ளைதானே. எல்லாவற்றையும் முழுசாகவே சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டால், ஒரு பக்கம் பேனர்கள், மறுபக்கம் திரை. தைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், கோணி ஊசியும் நைலான் நூலுமாக. செல்வி போகும்போதும் வரும்போதும் கடைக்கண்ணால் பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"இது தையலா மைனி? ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. இங்க குடுங்க."

பிடுங்கிக்கொண்டு போய், நான் தைத்ததை எல்லாம் பிரித்துவிட்டு, தானே தைத்தாள். உன் முகம் வந்த இடத்தில் எல்லாம் ஊசி பட்டுவிடாமல் ஒதுங்கித் தைத்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் உன் வீட்டு முன்னால் கட்டினோம். டியூஷன் நடத்துகிறவரிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கியிருந்தோம். தெருவே வந்து உட்கார்ந்தது, ஆட்டை மன்னித்துவிட்டு மேலவீட்டுக்காரர்களும் வந்தார்கள். செல்வி வாசற்படியில் நின்றாள்.

முதலில் நீலமாக வந்தாய். பிறகு சிவந்தாய். மறுபடி வெளுத்தாய். படங்கள் வேகம் பிடித்தபோது மடிப்புகள் மாறி மாறி விழ, கன்னம் அசைந்தது. சட்டைக் காலர் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. உதட்டோரம் ஏதோ சொல்ல வந்தது. திடீரென்று இடது கண் மூடித் திறந்தது. கயிற்று ஓட்டை விழுந்த அந்த ஒரு படம், ஓட்டத்தில் கண்ணடிப்பாக மாறிவிட்டது. எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாய், தம்பி.

தெரு முழுக்கச் சிரித்தது. நான் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு செல்வியைப் பார்த்தேன். கோமுவும் நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அவளைத்தான் பார்த்தாள்.

"இன்னொருக்கப் போடு" என்றாள் செல்வி.

போட்டாள். மறுபடியும் கண்ணடித்தாய்.

"சவத்தெழவு! என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் கண்ணடிச்சாவ" என்றாள் செல்வி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எங்கப்பா பாத்துட்டு, மாப்பிளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, வேண்டாம்னுட்டாவ. இந்த மைனிதான் ஓடியாந்து, தூசி விழுந்துட்டு, தூசி விழுந்துட்டுன்னு சத்தியம் பண்ணுனாவ!"

சொல்லும்போதே சிரித்தாள். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்தது, அவள் இரண்டையும் நிறுத்தவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பரணில் கிடந்ததை இறக்கி, தூசியைத் தட்டி, கோமுவின் மடியில் போட்டாள்.

"இதுல ரெண்டு மூஞ்சி இருக்கு. சேத்துக்கோ."

முந்தாநாள் மதுரைக்குக் கிளம்பினார்கள். தானும் வருவேன் என்று செல்வி பிடிவாதம் பிடித்தாள். எல்லாப் பேனரும் சேர்ந்து பெரிய சுருளாகிவிட்டது. பழைய சேலை ஒன்றால் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டி, நாங்கள் மூன்று பேருமாகப் பஸ்ஸில் ஏற்றினோம். நான் இறங்கி ஜன்னல் பக்கம் நின்றேன். கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா இது, இம்புட்டு நீளத்துக்கு? இதுக்கும் டிக்கெட் போடணும்."

"போடுங்க" என்றாள் செல்வி. "நானு, எம் மவ, எங்க வீட்டுக்காரரு. மூணு மதுர."

"வீட்டுக்காரரு எங்கம்மா?"

செல்வி சுருளைத் தட்டிக் காட்டினாள். "இந்தா, சுருண்டு கெடக்காவல்லா."

கண்டக்டர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். பின் சீட்டில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பயப்படாதிய" என்றாள் செல்வி. "ஒண்ணும் செய்ய மாட்டாவ. கண்ணு மட்டுந்தான் அடிப்பாவ."

கோமு தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். செல்வி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், எப்படி என்று கேட்கிற மாதிரி.

பஸ் போன பிறகும் நான் ஸ்டாண்டிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பூ விற்கிறவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உன்னைக் கிண்டல் செய்கிற வேலையை நீ பிறந்த நாளிலிருந்து நான் ஒருத்தியாகவே பார்த்துவந்தேன். நீ போன பிறகு அதை இறக்கி வைக்கவும் மனசில்லை, தனியாகத் தூக்கிக்கொண்டு திரியவும் தெம்பில்லை. இப்போது எனக்கு ஒரு கூட்டாளி வந்துவிட்டாள், தம்பி. சரியான கைகாரி. நீ கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இரு.