வாசலில் நின்ற நாலு ஜோடி பூட்ஸ்

18 பிப்ரவரி 1945

என் அருமை மகள் ஒடீலுக்கு அம்மா லியோனி எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் பசு இரண்டும் உயிரோடு சுகமாக இருக்கிறோம், கூரைதான் பாதி இல்லை. கொங்கோ வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ, ஆஸ்பத்திரி வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயோ இல்லையோ, அந்தக் கவலை எனக்கு எப்போதும் உண்டு. தபால் மறுபடி போகிறது என்று நேற்றுத்தான் சொன்னார்கள், உடனே பேனாவை எடுத்துவிட்டேன். நீ கிளம்பிப் போன அன்று நான் உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தை உனக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாயா என்று தெரியவில்லை, நடந்தபோது பக்கத்தில் நின்ற எனக்கே இன்னும் வியப்பு அடங்கவில்லை.

செப்டம்பரில் ஜெர்மன்காரன் ஒழிந்தான் என்று மணி அடித்துக் கொண்டாடினோம் அல்லவா, டிசம்பர் பதினெட்டாம் தேதி அவன் திரும்பி வந்துவிட்டான், ஒரே நாளில் ஊர் அவன் கைக்குப் போய்விட்டது, அமெரிக்கக்காரர்கள் காட்டுக்கு அந்தப்புறம் போய்விட்டார்கள். நாலு நாள் கழித்து மத்தியானம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கொல்லைப்புறக் கதவில் யாரோ சுரண்டினார்கள். திறந்தால் நாலு அமெரிக்கச் சிப்பாய்கள். படையை விட்டுப் பிரிந்து காட்டில் நாலு நாள் பனிக்குள் கிடந்திருக்கிறார்கள், உதடெல்லாம் நீலம், ஒருவன் புருவத்தில் பனி கட்டியிருந்தது. அவர்களில் அல்சீட் என்பவனுக்கு நம் பிரெஞ்சு தெரியும், அவன் ஊர் அமெரிக்காவில் லூசியானாவாம், அங்கே இன்னும் நம் கொள்ளுத்தாத்தா காலத்துப் பேச்சுத்தான் பேசுகிறார்களாம். "அம்மா, உள்ள வரலாமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா" என்றான். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெருமுனையில் ஜெர்மன் வண்டி நிற்கிறது, பிடிபட்டால் அவர்களையும் சுடுவான் எங்களையும் சுடுவான், அந்த நேரத்தில் "வாங்க, ஆனா பூட்ஸக் கழட்டிட்டு வாங்க" என்றேன். சிரிக்காதே. நம் வீடுகளில் யாராக இருந்தாலும் காலில் இருப்பதை வாசலில் விட்டுவிட்டுத்தானே வருவோம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகளும் விறைத்த விரலால் கயிற்றை அவிழ்த்துக் கழட்டினார்கள். நான் அந்த நாலு ஜோடியையும் சேறு துடைத்து, முன்வாசலில் எங்கள் மரச்செருப்புகளுக்குப் பக்கத்தில், மூக்கு சுவரைப் பார்க்க வரிசையாக வைத்தேன்.

அரை மணி ஆகியிருக்காது, முன்கதவு இடிபட்டது. நாலு பேரும் தொழுவத்து ஏணியில் ஏறி வைக்கோல் பரணுக்குள் போய்விட்டார்கள், காலுறையோடு போனதால் ஒரு சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் ஒரு சார்ஜென்டும் இரண்டு சிப்பாயும். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தான். அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. எட்டு அமெரிக்க பூட்ஸ், நானே துடைத்து வைத்தது. உன் அப்பாவை உனக்குத் தெரியும், பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத மனுஷன், பேசச் சொன்னால் தொண்டையைச் செருமுவார். அவர் எழுந்து வந்து, முந்தின பெரிய யுத்தத்தில் கைதியாக இருந்தபோது கற்ற ஜெர்மன் மொழியில், "காட்டுல செத்துக் கிடந்தானுங்க, நாந்தான் கழட்டிக்கிட்டு வந்தேன், தோலு நல்ல தோலு" என்றார். சார்ஜென்ட் அவர் முகத்தில் துப்பினான், "பொணத்துக்கிட்ட திருடுற நாயே" என்றான். அப்பா துடைக்கக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு, நாலாவதைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தங்கப் போனார்கள், வீட்டைத் தேடவே இல்லை. முப்பத்தோரு வருஷம் இந்த மனுஷரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் ஒடீல், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தேன்.

உயிர் பிழைத்தது, ஆனால் பூட்ஸ் போயிற்று. பனி முழங்கால் வரை, அவர்கள் படை காட்டுக்கு அந்தப்புறம் ஐந்து கிலோமீட்டர், வெறுங்காலில் போனால் பாதி வழியில் கால் செத்துவிடும். பரணில் பதினைந்து நாள் வைத்துக் காப்பாற்றினோம், கீழே தினம் பால் வாங்க ஜெர்மன்காரன் வருவான், மேலே நாலு பேர் இருமலைக் கையால் அமுக்கிக்கொண்டு கிடப்பார்கள். அந்த நாட்களில் விசித்திரமாகச் சில காரியம் நடந்தது. ஒரு நாள் ஜன்னல் ஓரத்தில் ஒரு முழுப் பாலாடைக்கட்டி, இன்னொரு நாள் வேலியில் நாலு ஜோடிக் கம்பளிக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது, என்னுடையது இல்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

கடைசியில் மரச்செருப்புதான் வழி என்று தெரிந்தது. அதற்கு யாரிடம் போவது, அந்த லாம்பேரிடம்தானே போக வேண்டும், வேலியோர மரத்தை வெட்டினான் என்று நான் ஆறு வருஷமாகப் பேசாத செருப்புக்காரன். நாலு பேர் பாதத்துக்கும் அளவாக நாலு குச்சி ஒடித்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள் வைத்துக்கொண்டு போனேன். அப்பாவின் அண்ணன் பிள்ளைகள் லியேஜிலிருந்து அகதியாக வந்திருக்கிறார்கள் என்றேன். அவன் மிக நீளமான குச்சியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லியேஜ்ல பசங்களுக்கு இப்ப இவ்ளோ பெரிய காலா வளருது?" என்றான். நான் நெருப்பில் நிற்பது போல் நின்றேன். "சரி, பச்ச மரந்தான் இருக்கு, கனமா இருக்கும், வைக்கோல் திணிச்சுக்கச் சொல்லு" என்று திரும்பிக்கொண்டு உளியை எடுத்தான். மூன்றே நாளில் கொடுத்தான்.

மரச்செருப்பில் நடப்பது நமக்கு மூச்சு விடுவதுபோல், அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. தொழுவத்தில் பசுக்களுக்கு நடுவே நடந்து பழகினார்கள். "அம்மா, இது கால்ல போடுறதா, ஆத்துல மிதக்க விடுறதா?" என்றான் அல்சீட். வெர்னன் என்ற நெட்டைப் பையன் சாணத்தில் இரண்டு தடவை விழுந்தான், உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜனவரி ஏழு, ஞாயிறு. தேவாலயம் ஊர் விளிம்பில் காட்டை ஒட்டி இருப்பதால் பூசைக்குப் போகிறவர்களாகக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. பாதிரியாருக்கு மட்டும் தெரியும். அப்பாவின் பழைய கோட்டு, தொப்பி, கையில் ஜெபமாலை, நடுவில் நானும் அப்பாவும். தண்ணீர்த் தொட்டி முனையில் காவல்காரன் துப்பாக்கியோடு நின்றான். இருபது அடி போவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, வெர்னன் நடை சரியில்லை, பூட்ஸ் போட்டவன் மாதிரி குதிகாலை அடித்து நடக்கிறான், சத்தம் தனியாகக் கேட்கிறது. காவல்காரன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் ஒரு கதவு திறந்தது. அப்புறம் எதிர்வீட்டுக் கதவு. அப்புறம் எல்லாக் கதவும். ஊரே வெளியே வந்தது ஒடீல், காய்ச்சலில் படுத்திருந்தவர்கள்கூட, கோவில் வாசலை இருபது வருஷமாக மிதிக்காத லாம்பேர்கூட. உறைந்த தெருவில் ஐம்பது அறுபது ஜோடி மரச்செருப்பு கடகடவென்று, எங்களை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தது. நாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாத்தியார் மனைவி மரீ நேராக வந்து வெர்னன் கையைப் பிடித்து, "ஞாயித்துக்கெழம காலையிலேயே குடிச்சிட்டு ஆடுறியே, ஒன் சித்தி மானத்த வாங்கவா பொறந்த?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் தலையைத் தொங்கப் போட்டான். காவல்காரன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. லாம்பேர் என் பக்கம் வந்து, என்னைப் பார்க்காமலே, "பூட்ஸ் தடம் காட்டுப்பக்கம் போனா அஞ்சு நிமிஷத்துல மோப்பம் பிடிச்சிருப்பான், மரச்செருப்புத் தடத்த எவன் பாக்கப்போறான்? ஒன் தரைப் பைத்தியம் ஒரு நாளாவது ஒதவுச்சு" என்றான். இவனுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். இந்த ஜனங்களை நான் வம்புக்காரர்கள் என்று உனக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நடுத்தெருவில் அவர்கள் காலில் விழலாம் போலிருந்தது.

நாலு பேரும் தேவாலயத்தின் முன்கதவால் உள்ளே போய்ப் பின்கதவால் காட்டுக்குள் போனார்கள். பாதிரியார் பிரசங்கத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்தார், என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது, ஒருவரும் அசையவில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு வாரத்தில் அமெரிக்கப் படை வந்தது, சண்டையில் கூரை போயிற்று, நான் வருகிற ஒவ்வொரு சிப்பாய் முகமாகப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை வாசலில் ஜீப் நின்றது. அல்சீட். வெர்னனுக்குப் பனியில் இரண்டு கால்விரல் போயிற்று, மற்றபடி நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றான். சொல்லிக்கொண்டே குனிந்து, வாசலில் ஒற்றைக் காலில் நின்று, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் கத்திவிட்டேன் ஒடீல், "கழட்டாதப்பா, அப்படியே வா!" என்று. அப்பா அடுக்களையிலிருந்து ஓடி வந்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார். அவன் சேற்றுக்காலோடு மேசை வரை நடந்து வந்து உட்கார்ந்து மூன்று தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டான். அந்தத் தடத்தை நான் இன்னும் துடைக்கவில்லை.

நீ கிளம்பிய அன்று வண்டி காத்துக்கொண்டிருக்கிறது என்று பயணக் காலணியோடு ஓடி வந்து என்னை முத்தமிட வந்தாய். நான் "தரை, தரை!" என்றேன். நீ வாசலிலேயே நின்று கையசைத்துவிட்டுப் போய்விட்டாய். ஆறு வருஷமாகிறது. கொதிக்க வைத்த தண்ணீரே குடி, கொசுவலை கட்டாமல் படுக்காதே, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. கடவுள் உன்னைக் காப்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கப்பல் கிடைத்ததும் வா. வரும்போது காலில் எது இருந்தாலும் கழட்டாமல் நேரே என்னிடம் வா.

உன் அம்மா,
லியோனி