கட்டில்மேல் இருக்கும் சிவப்புப் பொத்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், அம்மாவிடம்கூட. அம்மாவுக்கு மூச்சிழுப்பு குறைந்திருக்கிறதா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தப்பா வீட்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் போன கடிதத்தை நம்பாதீர்கள். நீங்கள் ஓய்வுபெற்றதும் குடிவர நகரத்தை ஒட்டிய அந்த முதியோர் குடியிருப்புதான் சரி என்று, சித்தப்பா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது அது. அங்கே அவர்தானே மேனேஜர்.

அதற்கு முன்பு உங்களுக்கான அறையைக் காட்டினார். கட்டில்மேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. "ராத்திரி அண்ணிக்கு மூச்சு முட்டினா இதை அமுக்கினா போதும், நர்ஸ் ஓடி வருவா" என்றார். அவர் போன் பேச வெளியே போனதும் விளையாட்டாக அமுக்கினேன். யாரும் வரவில்லை. பக்கத்து அறை அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா அமுக்கு கண்ணு. சத்தம் தொந்தரவுன்னு ஒயரைப் புடுங்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மூச்சு நிக்கிற வரைக்கும் நானும் அமுக்கிட்டேதான் இருந்தேன்."

திரும்பும்போது சித்தப்பாவிடம் கேட்டேன். வண்டியை ஓரம்கட்டினார். "வாயைத் தொறந்தே, உன் படிப்பு இதோட சரி" என்றார். என் போனையும் வாங்கிக்கொண்டார்.

அப்பா, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வேறு எங்கே வேண்டுமானாலும் வீடு பாருங்கள். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் யாராவது இருந்தால் போதும்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்கே தூக்கம் வருவதில்லை. பதிலைப் பள்ளிக்கூடத்துக்கே போடுங்கள். இந்த வீட்டுக்கு வந்தால் முதலில் சித்தப்பாதான் பிரித்துப்…

கதவைத் தட்டுகிறார்கள். சித்தி இவ்வளவு மெதுவாகத் தட்ட மாட்டார்