குடுவைக்குள் துவைக்கல் பச்சை

'இந்தா புள்ளே' என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டேன்; இன்றைக்காவது பேர் சொல்லி எழுதுகிறேன், என் நல்லம்மா,

பொங்கலுக்கு வந்த நம் மல்லிகா முன்னால் திருட்டுப் பூனை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். எட்டாவதோடு நின்றவன் எம்.எஸ்ஸி. படித்த மகளின் ஆராய்ச்சியில் கை வைத்தால் வேறென்ன ஆகும்?

கிணற்றடித் துவைக்கல்லில் நீ வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் நாரால் தேய்த்துத் தொலைத்தாயே ஒரு பச்சை, அதைத்தான் உன் மகள் கோயமுத்தூர்க் காலேஜில் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்க்கிறாள். சிரிக்காதே. மேற்பார்வைக்கு ஒரு புரொபசர் வேறு.

"பாசின்னு சொல்லாதீங்கப்பா. இது பாசிக்குச் சித்தி மக முறை" என்றாள். அந்தத் துளியூண்டு இலைக்குள் வாசனை எண்ணெய் இருக்கிறதாம். பூச்சி அண்டாமல் காப்பது அதுதானாம். கல்லையும் மண்ணையும் விட்டு, குடுவைக்குள் தனியாக வளர்ந்ததிலும் அதே எண்ணெய் ஊறுமா? இதுதான் அவள் ஆராய்ச்சி. பத்தாவது படிக்கையில் உன்னை இழந்தவளுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, புள்ளே?

லீவில் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று, ஆறு மாதம் வளர்த்த குடுவையை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஜன்னலோரம் ரேடியோப் பெட்டிமேல் வைத்தாள். "குடுவை வாயில இருக்கற பஞ்ச மட்டும் தொட்டுறாதீங்க, கிருமி உள்ள பூந்துரும்" என்று சொல்லிவிட்டுத்தான் மோகனூர்க் கடைவீதிக்குப் போனாள். நான் தொட்டேன்.

நாலாம் நாள் உள்ளே வெள்ளையாய்ப் பூசணம் படர்ந்திருந்தது.

"என்னப்பா பண்ணுனீங்க?"

"தாகமா இருக்குமேன்னு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனேன் சாமி."

"கரும்புக்குப் பாய்ச்சற மாதிரியா?" தலையில் கை வைத்தவள் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "உடுங்கப்பா. காலேஜ் ஃபிரிட்ஜ்ல நாத்துக்குக் கொஞ்சம் வச்சிருக்கறேன். மறுக்கா ஆறு மாசம், அவ்வளவுதான்."

நேற்று இன்லண்டு லெட்டர் வந்தது. புதுக் குடுவையில் துளிர்த்துவிட்டதாம். இனி அவள் குடுவை இருக்கிற பக்கமே போகமாட்டேன். துவைக்கல்லையும் யாரையும் தேய்க்க விடமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னது பொய், நல்லம்மா. கல்லைத் தேய்த்த கையோடு நீ சோறு போட வருவாய். "கை நாறுது, கழுவிட்டு வா" என்று விரட்டுவேன். அந்த வாசத்துக்காகத்தான் பஞ்சை எடுத்தேன். விரலை விட்டு ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். உன் மகள் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும் பதில் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்படியே இருந்தது, புள்ளே. உன் கை மாதிரியே.

உன் ஊட்டுக்காரன்,
மல்லிகாவின் அப்பன்