சம்பந்தி வீட்டுக் கோழி

சம்பந்தியம்மா,

இன்று காலை மழை விட்டதும் கோழிக்கூண்டைத் திறந்தேன். நனைந்த உமியின் நெடி மூக்கில் ஏறியது. வேப்பம்பட்டில் மழை பெய்தால் எது தெரு, எது குளம் என்று தெரியாது, அது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பார்த்தேன், உருண்டையாக நின்றது. "உதிரணும் சம்பந்திமா. உருண்டையா நின்னா உடனே மாத்திடுங்க" என்பீர்கள். மாற்றிவிட்டேன். நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் மழைக்காலம் இது. சொல்ல ஆளில்லாமலே செய்துவிட்டேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முதலில் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. இனி அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஆவடி குவார்ட்டர்ஸில் அத்தனை வருஷம் குடியிருந்தும் என் காது மெட்ராஸ் பேச்சுக்குப் பழகவில்லை. என் மகனுக்குப் பெண் பார்க்க மண்ணூர்பேட்டைக்கு வந்த அன்று, "இன்னா சம்பந்திமா, காபி ஆறிகினு கீது, குடிங்க" என்று அதட்டினீர்கள். கல்யாணப் பேச்சே இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் நான் சம்பந்தி. சரிதான், இந்த இடம் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் உங்கள் கோழிகளைப் பார்த்தேன். பட்டறைச் சுவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து, சுவருக்கு அந்தப்பக்கம் ஓயாத இரும்புச் சத்தம். அதற்கு நடுவில் அவ்வளவு மினுமினுப்பான கோழிகள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே காத்திருக்க, நாம் இருவரும் அங்கேயே நின்று அடைக்கோழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணம் அங்கேதான் முடிவானது என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்கிறார்.

பேரன் பிறந்து மூன்றாம் மாதம் மருமகளைக் கொண்டுவந்து விட்டீர்கள். தொட்டிலும் வெள்ளி அரைஞாணும் சீர்த்தட்டும் முன்னால் வர, பின்னால் நீங்கள் ஒரு ஒயர் கூடையோடு வந்தீர்கள். வாடகைக் காரில் வழி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்த கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் பொன் நிறம், ரத்தச் சிவப்பில் கொண்டை.

புதுக்கோழியைத் தனியாக அடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சந்தையில் வாங்கினால் சில வாரமாவது தனிக்கூண்டில்தான் போடுவேன். ஆனால் சம்பந்தி வீட்டிலிருந்து சீரோடு வந்த கோழியை, நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எப்படித் தள்ளி அடைப்பது? உங்கள் பெண்ணையே தள்ளி வைத்ததுபோல ஆகிவிடாதா? மரியாதைக்காகக் கூண்டைத் திறந்து என் கோழிகளோடு விட்டேன். உங்கள் முகமெல்லாம் சிரிப்பு. எல்லாம் ஒரே தட்டில் தண்ணீர் குடித்தன.

சில வாரத்தில் என் கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை வெளுத்தது, எச்சம் பச்சையும் மஞ்சளுமாகப் போனது, செத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. வெள்ளைக்கழிச்சலோ என்றால் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தேன். மிளகு, மஞ்சள், கீழாநெல்லி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அரைத்துக் கொடுத்தேன். உங்கள் கோழிக்கு மட்டும் ஒன்றுமில்லை, நாள் தவறாமல் முட்டையிட்டது. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வாயைத் திறந்தால் அது மருமகள் காதுக்குப் போகும். ராசியில்லாதவள் வந்தாள் என்று சொல்ல உறவில் ஒரு நாக்காவது இருக்கும். பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் பேரனைப் பார்க்க நீங்கள் வந்தீர்கள். கூண்டு பாதி காலியாக இருப்பதைக் கண்டு கேட்டபோது, வெயில் தாங்கவில்லை என்றேன். நீங்கள் என்னை நம்பவில்லை. ஒரு குச்சியால் எச்சத்தைக் கிளறிப் பார்த்தீர்கள். மறுநாள் காலை செத்த கோழி ஒன்றைப் பையில் சுற்றி, கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம் என்றீர்கள். உங்கள் கோழியையும் என்னுடையதில் நல்லதாக ஒன்றையும் கூடையில் எடுத்துக்கொண்டீர்கள்.

டாக்டரம்மா செத்த கோழியை அறுத்துக் காட்டினார். ஈரல் வீங்கி, களிம்பேறிய செம்புப் பாத்திரம்போலப் பச்சை ஓடியிருந்தது. கோழிக்கு வரும் டைபாய்டாக இருக்கலாம், பாக்டீரியாவால் வருவது என்றார். பிறகு என்னைப் பார்த்து, புதிதாகக் கோழி ஏதாவது சேர்த்தீர்களா என்று கேட்டார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கீது டாக்டரம்மா," என்றீர்கள். "இதோ, இது என் கோழி. நான்தான் எடுத்தாந்து உட்டேன்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

டாக்டரம்மா என் கோழியின் இறக்கையடியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அதை வெள்ளைத் தட்டில் ஓர் ஊதா மருந்துச் சொட்டோடு கலந்து மெல்ல ஆட்டினார். ஒன்றும் ஆகவில்லை, சீராக இருந்தது. அடுத்து உங்கள் கோழியின் ரத்தம். கண்ணெதிரே அது திரிந்த பாலாக ஒதுங்கியது, ஊதாத் துகள் தனி, தெளிந்த நீர் தனி. கிருமி உள்ளே இருந்தால்தான் இப்படித் திரியும் என்றார். அத்தனை சிவந்த கொண்டைக்குள், அத்தனை முட்டைக்குள், இப்படி ஒன்று சத்தமில்லாமல் குடியிருக்குமா? நோய் வந்து பிழைத்த கோழிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லையாம். எச்சத்தில் வெளியேறும், முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும், எலி கொண்டுபோகும், நம் செருப்பும் கொண்டுபோகும் என்று அவர் சொல்ல, குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "போன கோடையில எங்கூட்லயும் பாதி செத்துச்சு. வெயில்னு நெனச்சேன். பொழச்சதுலயே நல்லதாப் பார்த்துதான் சம்பந்தி ஊட்டுக்கு எடுத்தாந்தேன்."

இருப்பதில் நல்லதைத்தான் கொடுத்தீர்கள், அந்த நல்லதற்குள்தான் அது இருந்தது.

மருந்தில் அடங்கும், அடியோடு போகாது என்றார் டாக்டரம்மா. என் கோழிகளுக்கு மருந்து வாங்கினோம், சீக்கு வந்தவற்றைக் கொன்று கழித்தோம். உங்கள் கோழி ஒன்றை மட்டுமாவது தனியாக வைத்துக்கொள்ளலாமே என்று நான் இழுத்தேன். கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். மண்ணூர்பேட்டையில் உங்கள் தெருவில் பாதிப் பேர் உங்களிடம்தான் அடைவைக்க முட்டை வாங்கினார்கள், அது உங்களை உறுத்தியிருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்த கோழிகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி, ஒன்று மிச்சமில்லாமல் கழித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தீர்கள். எத்தனை வருஷத்து வம்சம் அது! யாரும் உங்களைக் கேட்கவில்லை. நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டொன்றை மறைத்து வைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அன்று மருந்தகத்திலிருந்து திரும்பும்போது, ஷேர் ஆட்டோவில், ஏன் நீங்களாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கூடையை மடியில் அணைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"நீங்க சொல்லியிருந்தா அது என் பொண்ணு தலையில நின்னுகினு இருக்கும் சம்பந்திமா. நான் சொன்னேன், கோழியோட போச்சு."

கோழிகள் எங்கே என்று கேட்ட உங்கள் மகளிடம், முட்டிவலி, பார்த்துக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன் என்றீர்கள். என் வீட்டுக்காரரிடம் நான் எலித்தொல்லை என்றேன். எலிக்கும் அதில் பங்கு உண்டு என்று டாக்டரம்மாவே சொன்னாரே, அதனால் முழுப்பொய்யும் இல்லை. அவர் அதற்கு ஒரு பொறி வாங்கி வந்தார், அதில் சுண்டெலிகூட விழவில்லை.

போன மாதம் என் மகளைப் பிரசவம் முடிந்து குமணன்சாவடியில் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவிட்டேன். சீரோடு ஒரு கோழியும் கொண்டுபோனேன். அவள் மாமியார் ஆசையாக வாங்கி, தன் கோழிகளோடு விடக் கூண்டுக் கதவில் கை வைத்தார். என் வாய் தானாகத் திறந்தது. "வேண்டாம், தனியா அடைங்க. தண்ணித் தட்டும் தனியா வைங்க. ஒரு மாசம் பார்த்துட்டுச் சேருங்க. எங்க வீட்டுக் கோழிதான், அதனாலதான் நானே சொல்றேன்" என்றேன். சம்பந்தி வீட்டுக் கோழியை எப்படி, என்று அவர் சங்கடப்பட்டார். நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையின் மறுகோடியில் அடைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று என் மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியாது. உங்கள் மகளுக்கும் இன்றுவரை தெரியாது.