தூரத்தில் நிற்பவனை முதலில்

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று நம் வீட்டில் பெண்கள் ஜெபம். வந்தவர்கள்: புஷ்பபாய் அக்கா, விமலகுமாரி, ஜிஜா, ஜிஜாவின் மாமியார், உபதேசியார் வீட்டம்மா. என்னோடு ஆறு. அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டு என் மருமகள் ஷாலு. ஏழு.

அவள் அங்கே நின்றதை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. அவள் கேட்கட்டும் என்றே சத்தத்தைக் கூட்டினேன்.

"கர்த்தாவே, என் மருமகளின் வயிற்றில் நீர் தந்த கனி மூணாம் மாசத்திலே உதிர்ந்து போச்சே. பிசாசு ஓடுகிற அந்த டிவி கேமை அவள் கையிலிருந்து பிடுங்கிப் போடும்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். விமலகுமாரி இரண்டு தரம்.

கண்ணைத் திறந்தால் சாயாத் தட்டோடு ஷாலு. ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். என்னிடம் வந்தபோது, "சீனி போடல்ல மாமி, ஒங்களுக்கு ஷுகர் உண்டல்லா" என்றாள். அவ்வளவுதான்.

மே மாதம் கலைந்த அந்த விஷயம் அவளுக்கும் மகன் விபினுக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். பாலராமபுரத்தில் இருக்கும் அவள் அம்மையிடம்கூடச் சொல்லவில்லை, அவள் நெஞ்சுவலிக்காரி. "யாருகிட்டயும் சொல்லாண்டாம் மாமி" என்று என் கையைப் பிடித்தாள். நான் மனுஷரிடமா சொன்னேன்? தேவனிடம்தானே — இப்படி எழுதும்போதே கை கூசுகிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஷாலுவின் அம்மை போன் பண்ணி அழுதாள். ஜிஜாவின் அக்காளைக் கட்டிக்கொடுத்திருப்பது பாலராமபுரத்தில். ரகசியம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் ஷாலு பையோடு வந்து நின்றாள். "அம்மைக்கு நல்லா இல்ல. நான் போறேன்." பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜெபத்தில சொன்னா அது சொன்னதாகாதா மாமி?"

நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். இந்த வாய்க்கு அன்றைக்கு எங்கிருந்து அத்தனை வார்த்தை வந்தது?

முதல் ஞாயிறு, திருவிருந்து. என் வரிசையே எழும்பிப் போனது. ஒருத்திக்குக் குற்றம் செய்துவிட்டு அப்பத்தைத் தொடக்கூடாது; நான் பெஞ்சில் இருந்தேன். புஷ்பபாய் அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஷார்ஜாவிலிருந்து விபின் கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஓணத்துக்கு வாறேன். அவ அங்க வரமாட்டேன்னு சொன்னா நெய்யாற்றின்கரையில வேற வீடு எடுப்பேன். நீங்க பேசி ஒப்பேத்தாண்டாம் அம்மா."

"அந்தப் பிசாசு கேமு—"

"அதைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அவனே சொன்னான். ஒரு பழைய இங்கிலீஷ் படத்தின் கதைதான் அந்த கேமாம். முதல் பாகத்தில் ஒரு நர்ஸ், ஜந்து புகுந்த வான்கப்பலிலிருந்து ஏழு பேரைக் காப்பாற்றிக் கொண்டுவருவாள். இரண்டாம் பாகம் தொடங்கும்போதே அந்த ஏழு பேரும் செத்துக் கிடப்பார்களாம். இதற்காகக் காப்பாற்றினாளா என்று பாதிப் பேர் அந்தப் படத்தை இன்றும் திட்டுகிறார்கள், பாதிப் பேர் அதுதான் உண்மையான படம் என்கிறார்கள். ஷாலு திட்டுகிற கூட்டம். கேம் அந்த இரண்டாம் பாகத்தை வைத்துச் செய்தது. ஆனால் கேமில் அந்த ஏழு பேரும் சாகவில்லை; அவர்களைத் திரும்பவும் காப்பாற்றலாம்.

"அவ பிசாசைப் பாக்கதுக்கா விளையாடுதா அம்மா?"

போனை வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பாலை அரை லிட்டராக்கச் சொன்னேன். பால்காரி குமாரி, "மருமவ இல்லியா?" என்றாள். அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கால்வலி என்று சொல்லி ஜெபத்துக்குப் போகவில்லை. காலில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஷாலுவின் கேம் பெட்டி டிவியோடு மாட்டினபடியே இருக்கிறது. மத்தியானம் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். பயம்தான்.

உப்புச் சுரங்கம். எறும்பளவில் வெள்ளை உடுப்போடு அந்த நர்ஸ். ஏழு கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஓராள் கை வீசுகிறான். மேலே சிவப்பில் நேரம் குறைகிறது. கூரையிலிருந்து ஜந்து சாடுகிறது. எந்தப் பொத்தான் எதற்கென்று தெரிவதற்குள் செத்துப்போனேன்.

அவர் பேப்பரை மடக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டீ, பிசாசை ஓட்டுறேன்னு சொல்லீட்டு அதுக்க வாயிலயே போயி விழுறியே."

"நீங்க சாயாவைக் குடியுங்க."

"நீ சாவதைப் பாத்துக்கிட்டாக்கும் குடிக்கேன்."

எட்டு நாளில் முதல்தரம் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாக இருந்தது. யாருடைய பொருளை வைத்து யார் சிரிக்கிறது?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாலு பேரை எடுத்தேன். மூன்று கதவு தூரத்தில். நேரம் தீர்ந்தது. நேரம் தீர்ந்தால் கைவீசுகிறவர்கள் கையைத் தாழ்த்திவிடுவார்கள். அதைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜெபம் புஷ்பபாய் அக்கா வீட்டில். என் முறை வந்தது. நான் கண்ணை மூடவில்லை.

"நான் அன்னைக்குப் பண்ணினது ஜெபமில்ல. எனக்க மருமவ ரகசியமா சொன்னதை ஒங்க அஞ்சு பேருகிட்டயும் சொன்னேன். அவளைக் குத்தணும்னே சொன்னேன். கர்த்தரைச் சாக்கு வச்சேன்."

விமலகுமாரி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இதைக் கண்ணடச்சு சொன்னா போராதா ப்ளோரன்ஸ் அக்கா?"

"கண்ணடச்சு சொன்னதாலயாக்கும் இவ்வளவும்."

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். ஜிஜாவின் மாமியார் வாயைத் திறந்தாள். "எனக்க மோன் குடிக்கதும் இந்த சபை முழுக்க அறிஞ்சது ஒனக்க ஜெபத்திலயாக்கும். நீ ஓர்மை வச்சிருக்கியா?"

ஓர்மை இல்லை. அதுதான் கேடு. எத்தனை வீட்டில் இப்படிக் கண்ணை மூடியிருக்கிறேன்? ஜிஜா தலை குனிந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் இரண்டு வாரமாக நான் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஷாலுவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம், அதுவும் எட்டு வரை. தமிழ், பைபிளை எழுத்துக்கூட்டிக் கற்றது. அதனால் எதை எழுதினாலும் ஒரு வசனம் வந்து நிற்கிறது. வசனத்தையெல்லாம் அழித்தேன். மிஞ்சினது இவ்வளவு: "நான் செய்தது தப்பு. வேணும்னே செய்தேன். வெள்ளிக்கிழமை எல்லாரிடமும் அதைச் சொன்னேன். உன் கேமையும் விளையாடிப் பார்த்தேன். நாலு பேருக்குமேல் முடியவில்லை."

வாசித்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பதில் வந்தது. "கிட்ட நிக்கவங்கள முதல்ல எடுக்காதீங்க. தூரத்தில நிக்கவனை முதல்ல போயி எடுங்க. திரும்பி வரும்போ மத்தவங்க வழியிலதான் நிப்பாங்க."

என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அதைப் பத்துதரம் வாசித்திருப்பேன்.

ஆகஸ்ட் 24, சனி

ஏழு பேரும் வெளியே வந்தார்கள். வந்ததும் சின்னதாக ஒரு பாட்டு, ஐந்தாறு மணியோசைபோல.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். மே, ஜூன் முழுக்க மத்தியானங்களில் அவள் அறையிலிருந்து கேட்டது. மீன் கழுவிக்கொண்டே, பிள்ளை போன வீட்டில் இதென்ன குதியாட்டம் என்று எரிந்திருக்கிறேன். எத்தனை தரம் கேட்டது அது! அத்தனை தரமும் அவள் ஏழு பேரையும் உயிரோடே கரைசேர்த்திருக்கிறாள். ஒருத்தியாய், கதவை அடைத்துக்கொண்டு.

நான் அந்தக் கதவை ஒரு நாளாவது தட்டியிருக்கலாம். கேட்டிருக்கலாம் — என்ன மக்கா விளையாடுறே?



ஆகஸ்ட் 29, வியாழன்

சகாயதாஸ் கொத்தனார் நாளை பாலராமபுரம் போகிறார். "பெட்டியைக் கொடுத்து விடட்டுமா?" என்று ஷாலுவிடம் கேட்டேன். அவள் பொருள், அவள் கையில் இருப்பதுதானே முறை. கொத்தனார் அதைச் சேலையில் சுற்றித் தரச் சொல்லியிருந்தார். சுற்றியும் வைத்தேன்.

சாயங்காலம் பதில்: "வேண்டாம் மாமி. அங்கேயே இருக்கட்டும்."

ஆகஸ்ட் 31, சனி

அங்கேயே இருக்கட்டும். வருகிறேன் என்றா? அல்லது அந்த வீட்டுப் பொருள் எதுவும் வேண்டாம் என்றா? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அறியாதவன்கிட்ட ஏன் ஆராயிற? அறிஞ்சவகிட்ட கேளு" என்றார்.

நாளை முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு எழும்பிப் போகத்தான் அவள் பதிலைத் தேடுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதுவும் உண்டு. அதனால் நாளையும் பெஞ்சில்தான் இருப்பேன். அதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

பெட்டியைச் சேலையிலிருந்து எடுத்துப் பழையபடி டிவியோடு மாட்டினேன். பிறகு அவளுக்கு எழுதினேன். அனுப்பினதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஷாலு, எனக்குக் குறிப்பறிந்து வாசிக்கத் தெரியாது. நீ இங்கே வாறியா, இல்லை ஓணத்துக்கு விபின் வேற வீடு பார்க்கட்டுமா? எதைச் சொன்னாலும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன், ஜெபத்திலும். சீக்கிரம் பதில் போடு மக்கா."