லிஃப்டை நிறுத்திய கட்டுரை

என் செல்ல டாக்டரம்மாவுக்கு அப்பா எழுதுறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமா இருப்பேன்னு நம்புறேன். இங்கே நாங்களும் சுகம்தான், நான் மேலேயும் கீழேயுமா, உன் அம்மா அஞ்சாவது மாடியிலேயே.

மாடிப்படி ஏறினா இதயத்துக்கு நல்லதுன்னு நீ எழுதின கட்டுரையை எத்தனை டாக்டருங்க தங்களோட கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு, பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பார்க்கிறவன் நான்னு உனக்குத் தெரியும். எண்ணிக்கை ஒண்ணு ஏறினா அன்னிக்குக் காபிக்குச் சர்க்கரையே வேண்டாம் எனக்கு. அந்தக் கட்டுரையை நகல் எடுத்து இந்தக் கட்டிடத்துல வீட்டுக்கு ஒண்ணு கொடுத்திருந்தேன் இல்லையா, அது வேலை செஞ்சுடுச்சு. போன மழையில லிஃப்ட் நின்னு போச்சு, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், அதான் நம்ம ரிட்டயர்டு ஆடிட்டர், ரிப்பேர் பண்ண மனசு வராம இழுத்தடிச்சுட்டு இருந்தார். திடீர்னு ஒரு நாள் லிஃப்ட் கதவுல நோட்டீஸ். குடியிருப்போரின் இதய நலன் கருதி லிஃப்ட் காலவரையின்றி நிறுத்தப்படுகிறதாம், கீழே பொடி எழுத்துல உன் பேரு, கட்டுரைத் தலைப்பு, பக்க எண் வரைக்கும். கோபம் வரணும்ல? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போட்டோ எடுத்து, இதையும் கணக்குல சேர்த்துக்கங்கன்னு மேற்கோள் எண்ணுற அந்தக் கம்பெனிக்கே அனுப்பினேன். பதிலே இல்லை, திமிர் பிடிச்சவங்க.

உன் அம்மாவைத்தான் முழங்கால் படுத்துது. லிஃப்ட் நின்னதிலேருந்து அவ கீழே இறங்கவே இல்லை. ஜன்னல்ல கயிறு கட்டி ஒரு கூடை தொங்குது, காய்கறி அதுல ஏறுது, தையல்காரருக்குத் துணி அதுல இறங்குது. மருந்துக்கடைக்காரர் பிரஷர் பார்க்கிற மிஷினைக் கூடையில ஏத்தி விடுவார், அம்மா கையில சுத்திக்கிட்டு மேலேருந்து நம்பரைக் கத்துவா, அவர் கீழேருந்து உப்பைக் குறைங்கன்னு கத்துவார். தெருவுக்கே அவ பிரஷர் மனப்பாடம். நம்பர் கூடிப்போனா எதிர்வீட்டுக்காரங்க என்னைத்தான் முறைக்கிறாங்க. போய் சண்டை போடுங்களேன்னு அவ கேட்டா, நம்ம பொண்ணு எழுதினதை நானே எதிர்க்கவான்னு கேட்டேன், அப்புறம் ரெண்டு நாளைக்குக் காபியே கிடையாது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாம, அவ உன் கட்டுரையை டிக்‌ஷனரி வெச்சுக்கிட்டு ஆரம்பத்திலேருந்து படிச்சிருக்கா. இந்தக் கட்டிடத்துல அதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் அவதான், நானும் செயலாளரும் தலைப்போட சரி. கடைசிப் பக்கத்துல ஒரு வரிக்குக் கீழே பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்தா. மூட்டுவலி உள்ளவங்களை இந்த ஆராய்ச்சியில சேர்க்கலைன்னு நீ எழுதியிருக்கியாமே. உங்க பொண்ணு என்னைச் சேர்த்துக்கவே இல்லைங்க, அப்புறம் நான் எதுக்கு இங்கே அடைஞ்சு கிடக்கேன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குத்தான் மனசு சுருக்குனு ஆயிடுச்சு.

அந்தப் பக்கத்தைத் தூக்கிட்டு சங்கக் கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பார்த்துட்டு, இதை எழுதினவங்களே உறுதிப்படுத்தினா ஒழிய லிஃப்டுல கை வைக்க முடியாது, நாலு பேர் இதய விஷயம் பாருங்கன்னு சொல்லிட்டார். அந்த ஆள் இருக்கிறது தரைத்தளம், அது வேற விஷயம்.

அதனால உன் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல, இந்தக் கட்டுரை என் அம்மாவுக்குப் பொருந்தாதுன்னு ஒரு வரி எழுதி சீல் குத்தி அனுப்பு. நோட்டீஸைக் கிழிச்சா ஒரு மேற்கோள் குறைஞ்சுடுமேன்னு யோசிக்காதே. பொய் சொல்வானேன், நான் யோசிச்சேன். போனாப் போகட்டும் கண்ணு. நீ லீவுக்கு வர்றப்பல்லாம் டாக்ஸி நிக்கிறதுக்குள்ள கேட்டுக்கு ஓடிவந்து உன் கன்னத்தைப் பிடிப்பாளே, இந்தத் தடவை ஜன்னல்லேருந்து கைதான் ஆட்டணும்னு புலம்பிக்கிட்டே இருந்தா. நேத்திலேருந்து புலம்பலையே நிறுத்திட்டா. காய்கறிக்காரர்கிட்ட பெரிய கூடையா, கெட்டியான கயிறா கிடைக்குமான்னு விசாரிச்சிருக்கா. எதுக்குன்னு கேட்டா, உங்க பொண்ணு என்னிக்கு வர்றான்னு மட்டும் சொல்லுங்கன்னுட்டா.

நல்லா இரு தாயி, உன் கைபட்ட இதயமெல்லாம் நல்லா இருக்கட்டும். சீல் குத்த மறந்துடாதே.

கயித்தோட கீழ் முனையிலேருந்து,
உன் அப்பா