உள்ளுக்குள் பாடும் வகுப்பு

ஏற்காடு,
நவம்பர் 18.

அன்பு மகன் ஜெப்சனுக்கு,

உனக்கும் சாராவுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் நிம்மதியான தூக்கத்தையும் தர வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன். மரியாதைக்காக எழுதும் வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் உனக்கு ஃபோனில் சொன்னது தவறு. நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முட்டைக்கோஸைப் பார்த்து முஷ்டியை ஆட்டவில்லை. அது 'ச'. கையை மூடி இடுப்புக்கு நேரே வைத்தால் 'ச'. உள்ளங்கையைக் கவிழ்த்து நெஞ்சுக்கு நேரே படுக்கப் போட்டால் 'க'. உள்ளங்கை நம் முகத்தைப் பார்த்து நின்றால் 'ப'. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை உண்டு. குரல் ஏற ஏறக் கையும் ஏறும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். நாற்பது வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியவில்லை என்றால் அது என் குற்றமல்ல.

சேலம் பஸ்ஸை நான் காரணமில்லாமல் நிறுத்தியதாகவும் சொன்னாராம். பஸ் நின்றது உண்மை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தத்தில் நின்று என் பாடத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். 'நி' வரும்போது விரலை மேலே காட்ட வேண்டும். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுங்க பெரியம்மா, வெரசா" என்றான். நான் ஏறவில்லை, நன்றி சொன்னேன். அந்த பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தது என் கெட்ட நேரம்.

நீ எதற்கும் ஆதியிலிருந்து கேட்பவன். ஆதியிலிருந்தே எழுதுகிறேன்.

செப்டம்பரில், நம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஓடு மாற்ற ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை வந்து, வேலை முடியும்வரை மூன்றாம் வகுப்பின் பாட்டு வகுப்பை நாம் காப்பி காயப்போடும் களத்தில் நடத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். பழம் பறிக்க இன்னும் நாள் இருந்தது. களம் சும்மாதான் கிடந்தது. சம்மதித்தேன். பாட்டு டீச்சர் கவிப்பிரியா, வாழவந்தியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற சின்னப் பெண். மேலே ஸ்வெட்டர், கீழே பருத்திப் புடவை, காலில் ஷூ. அந்த மூன்றும் ஒன்றோடொன்று சேராது என்று எனக்குத் தோன்றியது, இன்னும் தோன்றுகிறது.

முதல் வாரம் அவர்கள் தட்டிய கைத்தட்டலைக் கேட்கச் சகிக்கவில்லை. ஒன்று விழுந்ததும் இன்னொன்று, அதற்குப் பின்னால் பத்து, தகரத்தில் ஆலங்கட்டி விழுவதைப்போல. நான் வெளியே போய், தட்டினால் ஒன்றாகத் தட்டுங்கள், இல்லாவிட்டால் தட்டாதீர்கள் என்று சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "அதைத்தானுங்க நானும் ஒரு வாரமாச் சொல்லிட்டிருக்கறேன். நீங்களும் ஒருக்கா வந்து தட்டுங்களேன்" என்றாள்.

தட்டினேன். 'காப்பி' என்றால் நிதானமாக இரண்டு தட்டு. 'மிளகு' என்றால் அதே நேரத்துக்குள் வேகமாக மூன்று. காப்பி, காப்பி, மிளகு, காப்பி. கேட்க எளிதாக இருக்கும். நீ தட்டிப் பார். மிளகில் மாட்டிக்கொள்வாய்.

மறுநாள் பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோய் அவர்கள் வட்டத்தில் போட்டேன். சிவசக்தி என்று ஒருத்தி, முன்பற்கள் இரண்டும் விழுந்தவள், என் எதிரில் வந்து நின்று, "வட்டத்துல சேர் போடக்கூடாதுங்க ஆயா. வேடிக்கை பாக்கறவங்க வெளியில. உள்ள வந்தாப் பாடணும்" என்றாள். என்னை ஆயா என்கிறார்கள். எங்கள் கான்வென்டில் ஆயா என்றால் தரை துடைப்பவள். முதலில் பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பெற்றவள் ஆயா என்று எனக்குத் தெரியாததல்ல. ஆனால் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வராந்தாவில் நின்று கேட்டேன். அடுத்த வகுப்புக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாட்டில் இரண்டே ஸ்வரம்தான், 'ப'வும் 'க'வும். எதிர்ச் சரிவில் வேலை செய்கிறவரைக் கூப்பிடும்போது குரல் முதலில் உயரத்தில் நின்று, பிறகு இறங்குமே, அந்த இரண்டு. வாழவந்தியில் தன் அம்மா தன்னைக் கொய்யாத் தோப்பிலிருந்து கூப்பிடுவதும் இதே இரண்டில்தான் என்றாள் கவிப்பிரியா. ஒருநாள் மூடுபனி களம்வரை இறங்கி வந்துவிட்டது. அவள் பாதிப் பிள்ளைகளைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே அனுப்பி அங்கிருந்து கூப்பிடச் சொன்னாள். மீதிப் பேர் இங்கிருந்து பதில் பாட வேண்டும். ஒருவர் முகமும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள்ளிருந்து இரண்டு ஸ்வரம். பதிலுக்கு இங்கிருந்து இரண்டு. பிறகு மரங்களிலிருந்து நீர் சொட்டும் ஓசை. பிறகு மறுபடியும் அங்கிருந்து. என் காப்பித் தோட்டமே என்னைக் கூப்பிடுவதுபோல இருந்தது. சால்வை நனைந்துவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. நான் கவனிக்காமல் விட்டேன் என்றால் உனக்குப் புரியும்.

ஆனால் அதுவரை நான் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

உனக்கு இது தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. நான் எட்டு வயதில் கான்வென்டில் இருந்தபோது பிஷப் வருகைக்காகப் பாடகர் குழு சேர்த்தார்கள். சிஸ்டர் ஒவ்வொருவராகப் பாடச் சொல்லிக் கேட்டார். என் முறை வந்ததும் பாதியில் நிறுத்தி, "அமலி, நீ மீனைப்போல வாயை மட்டும் திற கண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சொன்னதைச் சரியாகச் செய்கிற பிள்ளை நான். அன்றிலிருந்து எல்லாப் பூசையிலும், எல்லாத் திருநாளிலும், என் கல்யாணத்தன்றும் நான் மீன்தான். ஒரு பாட்டின் ஒரு வார்த்தையையும் நான் தவறாக அசைத்தது கிடையாது.

உன் அப்பா பக்கத்தில் நின்று கோயில் அதிரப் பாடுவார். எங்கள் வரிசையில் யார் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்த்து, "சத்தமாப் பாடுங்க, சர்வேசுரனுக்கு வயசாயிடுச்சு" என்பார். என்னிடம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

களத்துக்கு வருகிறேன். கவிப்பிரியாவின் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. அவள் கையை விரித்துக் காட்டினால் வாய்விட்டுப் பாட வேண்டும். கையை மூடினால் சத்தம் நிற்க வேண்டும், பாட்டு நிற்கக் கூடாது. மனதுக்குள் அதே வேகத்தில் பாடிக்கொண்டே போக வேண்டும். அவள் திடீரென்று கையை விரிக்கும்போது எல்லோரும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். பிள்ளைகள் சத்தம் நின்றதும் அவசரப்படுவார்கள். ஒருத்தன் ஒரு வரி முன்னால் வந்து நிற்பான், இன்னொருத்தி பின்னால் ஓடி வருவாள். எனக்கு இது கடினமாகவே இல்லை. அவள் கை விரிந்தபோது நான் சரியான சொல்லில் இருந்தேன். பிள்ளைகள் முன்னும் பின்னும் சிதறிக் கிடந்தார்கள். அந்த இடைவெளியில், என்னை அறியாமல் அந்தச் சொல் சத்தமாக வெளியே வந்துவிட்டது. தனியாக. கரகரவென்று, வேறெங்கோ கீழே ஒரு ஸ்வரத்தில்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிவசக்தி, "ஆயா கெணத்துக்குள்ள இருந்து பாடறாங்க" என்றாள். எனக்குக் காது சூடானது. பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

கவிப்பிரியா அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. "ஆயா, அதே இடத்துலயே நில்லுங்க, விட்றாதீங்க" என்றாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "ஆயா இருக்கற எடத்துக்கு எல்லாரும் எறங்கி வாங்க சாமி, தேடிப் பாருங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தேடினார்கள். ஒரு குரல் உரசிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. இன்னொன்று தாண்டிப் போய், தப்பென்று தெரிந்து திரும்பி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்து சேர்ந்தபோது அதில் என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. பனிக்குள் ஒரே ஒரு ஓசை. அதற்கு ஆளும் இல்லை, வயதும் இல்லை. அங்கிருந்து அவள் கை ஒரு படி மேலே ஏறியது. எல்லோரும் ஏறினோம். நானும் ஏறினேன், ஜெப்சன்.

அதன்பிறகு பூசையில் நான் பாடுகிறேன். மெதுவாகத்தான். உன் அப்பா நின்ற இடத்தில் இப்போது யாரும் நிற்பதில்லை.

இனி அந்த வீடியோ. ஸ்தனிஸ்லாஸ் மதிலுக்கு மேலிருந்து எடுத்து உனக்கு அனுப்பியதை எனக்கும் காட்டினார். "ஏனுங்க, நொம்ப வருத்தமா இருக்குதுங்க, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். பனிக்குள் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். நடுவே நான். ஒருவர் வாயும் அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை, நான் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குப் புரிகிறது. நான் உன் இடத்தில் இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் அது, படத்தில் விழாத டீச்சரின் கை மூடியிருந்த நேரம். எங்கள் எல்லோருக்குள்ளும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஸ்வரங்களைத்தான் நான் கையில் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கை விரிந்து சத்தம் வந்திருக்கும். அதற்குள் ஃபோனை அணைத்துவிட்டார்.

அடுப்பை அணைக்க மறந்தேன் என்று அவர் சொன்னது மட்டும் உண்மை. ஒரு தடவை. பால் பொங்கியது. வேறொன்றும் ஆகவில்லை. பறிக்கும் நேரத்தில் களத்தைப் பிள்ளைகளுக்கு விட்டிருப்பதும் உண்மை. பழத்தைப் பின்பக்கம் தார்ப்பாயில் காயப்போட, தோட்ட வேலைக்கு வரும் பாவாயியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் நீ ஃபோன் செய்து, சேலத்தில் முதியோர் இல்லத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன், ஜனவரியில் போகலாமா அம்மா என்று கேட்டாய். "சரி கண்ணு" என்றேன். நான் சம்மதித்ததாக நீ எடுத்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். உன் அப்பா போனபின் பல நாட்கள் அப்படித்தான் இருந்தன. அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் வந்திருக்கும். இப்போது அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு டிசம்பர் முதல் வாரமே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறாய்.

டிசம்பர் நடுவில் நம் கோயிலின் பங்கு மண்டபத்தில் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழா. கடைசிப் பாட்டில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து பாடும்போது, கீழே ஒரு 'ச' அசையாமல் நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிற்பது நானும் இரண்டு பிள்ளைகளும். அந்த இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துத்தான் மூச்சு எடுக்கிறார்கள். ஆனால் விழாவுக்காக மட்டும் நான் தவணை கேட்பதாக நினைக்காதே. விழா முடிந்தபிறகும் நான் இங்கேதான் இருப்பேன். ஓடு மாற்றியபின் பள்ளிக்கூடத்துக்கே போய் உட்காரலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அங்கே நாலாம் வகுப்பில் புல்லாங்குழல் தொடங்குவார்களாம்.

நீ வருவதானால் வா. மேல் ரோட்டில் மழைக்கு மண் சரிந்திருக்கிறது, குப்பனூர் வழியாக வா. சாராவுக்குக் குளிர் ஆகாது, கம்பளி எடுத்துவரச் சொல். உன் பழைய அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். என் பெட்டியை மட்டும் கட்டி வைக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ பயந்தது பாசத்தால்தான். மாதா உன் பயத்தை எடுத்துப்போடட்டும். உன் வேலையும் உன் வீடும் நன்றாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஃபோன் செய்யாதே. ஃபோனில் உன் குரல் கேட்டால் நான் மறுபடியும் சரி என்று சொல்லிவிடுவேன். இல்லத்தில் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக, உன் கையால் ஒரு கடிதம் எழுதி, இந்த மாதத்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
அமலி செபாஸ்டின்